இரண்டு ஊருக்கு ஒரு ஜெனரேட்டர்

"ஓடாத மெஷினுக்கு எவன் துட்டு குடுக்கறான்? ஓடறப்போ மட்டும் அத்தினி பேரும் வந்து நிப்பானுங்க."

காலையில் பால் கூலர் ரூம் ஷட்டரைத் தூக்கும்போதே கோவர்த்தனன் இதைச் சொல்லிவிடுவார். சாயங்காலமும் சொல்லுவார். கேட்க ஆள் இல்லாவிட்டால் பால் கேனைப் பார்த்துச் சொல்லுவார். எங்கள் ஊரில் ஒருத்தரும் அதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை. அவர் பாட்டுக்குச் சொல்லுவார், நாங்கள் பாட்டுக்குப் பாலை ஊற்றிவிட்டுப் போவோம்.

எங்கள் ஊர் ஆந்திராவில், விஜயபுரம் மண்டலத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி இருக்கிறது. நான் சொல்வது இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் நடந்தது. ஆண்பிள்ளைகளில் பாதிப்பேர் ஸ்ரீபெரும்புதூர் கம்பெனிகளுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். சிலர் குவைத்தில். மாடு கன்று எல்லாம் பெண்கள் தலையில். அதை நான் குறையாகச் சொல்லவில்லை. அடுத்தவன் நிலத்தில் கூலிக்குக் குனிந்துகொண்டிருந்த குடும்பங்கள் எங்களுடையவை. டுவாக்ரா மகளிர் குழு லோனில் வாங்கிய மாடுதான் எங்களைக் கொஞ்சம் நிமிர வைத்தது. பால் பணம் நேராகப் பொம்பளை கைக்கு வந்தது. அதனால் பால் என்றால் எங்களுக்கு விளையாட்டில்லை.

ஒரு தனியார் பால் கம்பெனி ஊர் ஊராகக் கூலர் டேங்க் வைத்துக்கொண்டு வந்தது. எங்கள் ஊரிலும் வைத்தது. சாயங்காலம் ஊற்றும் பால் விடியும்வரை டேங்கில் குளிர்ந்து கிடக்கும். காலைப் பாலும் சேர்ந்ததும் டேங்கர் வண்டி வந்து எடுத்துக்கொண்டு சித்தூர் பக்கம் போகும். கம்பெனிக்காரன் முதல் நாளே கறாராகச் சொல்லிவிட்டான்: டேங்க் எங்களுடையது, கரண்ட் உங்கள் பாடு, கெட்ட பாலுக்குக் காசு கிடையாது. கரண்ட் இல்லாத டேங்க் வெறும் அண்டாதான்.

கோவர்த்தனன்தான் டேங்குக்குப் பொறுப்பு. நல்ல உயரம், எப்போதும் தோளில் ஒரு துண்டு, யாரிடமும் முகத்துக்கு நேராக இல்லை என்று சொல்லத் தெரியாத மனுஷன். ஊரைப் பற்றி மாமியார் வீட்டில் குறை சொல்லமாட்டார். மாமியார் வீட்டைப் பற்றி ஊரில் குறை சொல்லமாட்டார். நடுவில் தான் மட்டும் தேய்ந்துகொண்டிருப்பார். இந்த மாதிரி ஆளைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். வாயைத் திறந்து சொன்னால் என்ன குறைந்துபோகும்?

ஜெனரேட்டர் விஷயம் இப்படித்தான் ஆரம்பித்தது. ஒரு ஊர் மட்டும் வாங்கக் கட்டுப்படியாகாது. ஏரிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊரிலும் ஒரு டேங்க் இருந்தது. அது கோவர்த்தனன் பெண் எடுத்த ஊர். அங்கே டேங்கைப் பார்த்துக்கொண்டவர் அவர் மனைவி சுமித்ராவின் அண்ணன் திருவேங்கடம். மாமனும் மச்சானும் உட்கார்ந்து யோசித்தார்கள். எங்கள் ஊருக்கு ஒரு லைனில் கரண்ட் வருகிறது, அந்த ஊருக்கு வேறு லைனில் வருகிறது. இங்கே போகும்போது அங்கே இருக்கிறது, அங்கே போகும்போது இங்கே இருக்கிறது. அப்புறம் எதற்கு ஊருக்கு ஒன்று? இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒரே ஜெனரேட்டர் போதும். பழைய மெஷின் ஒன்றை வாங்கிச் சக்கரம் வைத்தார்கள். எந்த ஊரில் கரண்ட் போகிறதோ அந்த ஊர் டிராக்டர் வந்து இழுத்துக்கொண்டு போகவேண்டியது.

ஓடும்போது ஆகும் டீசல் ஓட்டுகிற ஊருடையது. அதில் யாருக்கும் தகராறு இல்லை. ஆனால் ஓடினாலும் ஓடாவிட்டாலும் பேட்டரி, ஆயில், மெக்கானிக், கைவசம் எப்போதும் நிறைந்திருக்கவேண்டிய ஒரு டிரம் டீசல் என்று மாதாமாதம் செலவு இருக்கிறதே. அதை ஊருக்குப் பாதி என்று பேசிக்கொண்டார்கள்.

பேசாமல் விட்டது இரண்டு விஷயம். இரண்டு ஊரிலும் ஒரே நேரத்தில் கரண்ட் போனால் மெஷின் யாருக்கு? ஒரு ஊர் தன் பாதியைக் கொடுக்காவிட்டால் என்ன? பேசியிருக்கவேண்டும். ஆனால் பெண் எடுத்த வீட்டில் மாப்பிள்ளை கால் மேல் கால் போட்டுக் கணக்குப் பேசுவது எங்கள் பக்கத்தில் வழக்கமில்லை. பெண் கொடுத்தவர்களும் மாப்பிள்ளையைப் பார்த்து, "நீ குடுக்காட்டி இன்னா பண்றது?" என்று கேட்கமாட்டார்கள். காப்பி கொடுத்து, சாப்பாடு போட்டு, வாசல்வரை வந்து அனுப்பிவிட்டார்கள். ஏதோ கல்யாண வீட்டுக்கு ஜமுக்காளம் இரவல் வாங்கின மாதிரி முடிந்தது காரியம்.

ஆரம்பத்தில் எல்லோரும் கொடுத்தோம். அப்புறம் எங்கள் லைனில் கரண்ட் நன்றாக வர ஆரம்பித்தது. ஏரிக்கு அந்தப் பக்கம்தான் அடிக்கடி போனது. மெஷின் பெரும்பாலும் அங்கேயே கிடந்தது. எங்கள் ஆட்களுக்கு மூளை வேலை செய்ய ஆரம்பித்தது.

ஒரு சாயங்காலம் பால் ஊற்றும் வரிசையில் நடந்த பேச்சு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மணியம்மாதான் தொடங்கிவைத்தாள். ஊரிலேயே அதிக மாடு அவளுக்கு. வாயும் அதற்கேற்ற நீளம்.

"யப்பா கோவர்த்தனா, போன மாசம் அந்த மெஷின் ஒரு நாளாச்சும் நம்மூருக்கு வந்துச்சா? அங்கியேதான் உறுமிக்கினு கெடந்துச்சு. ஓட்டறவன் கட்டட்டும்."

"வராட்டி இன்னா அத்தே? கூப்டா வர்றதுக்கு ரெடியா நிக்குது இல்ல?"

"நிக்கறதுக்குத் துட்டா? எங்க வூட்டு எருமகூடத்தான் நிக்குது. அதுக்கும் மாசாமாசம் வந்து குடுத்துட்டுப் போ."

வரிசையே சிரித்தது.

"உன் எரும பால்ல பாதி ஏரித் தண்ணி. அதுக்கே கம்பெனிக்காரன் துட்டு குடுத்துக்கினுதானே கீறான்?" என்றார் கோவர்த்தனன். அதற்கும் சிரித்தார்கள். மணியம்மாவும் சிரித்தாள். ஆனால் காசு எடுக்கவில்லை.

எங்கள் வீட்டுக்காரர் அங்கேதான் நின்றிருந்தார். அவர் பங்குக்கு ஒரு நியாயம் சொன்னார்: "எல்லாரும் குடுத்தா நானும் குடுக்கறேன்." அவருக்குப் பின்னால் நின்றவரும் அதையே சொன்னார். அவருக்குப் பின்னால் இருந்தவரும். எல்லோரும் கொடுத்தால் கொடுப்பேன் என்று எல்லோரும் சொன்னால் யார் கொடுப்பது? அடுத்த மாதத்திலிருந்து ஒருத்தரும் கொடுக்கவில்லை.

கோவர்த்தனன் கொஞ்ச நாள் கேட்டுப் பார்த்தார். அப்புறம், "அங்க பேசிட்டேன், பாத்துக்கலாம்" என்றார். தினமும் அந்தப் புலம்பல் மட்டும் நிற்கவில்லை. எங்களுக்கு அது போதுமானதாக இருந்தது. பேசிவிட்டார், முடிந்தது என்று நினைத்துக்கொண்டோம். யாரிடம் என்ன பேசினார் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

ஐப்பசி மாதம். சாயங்காலப் பால் ஊற்றிக்கொண்டிருக்கும்போதே காற்றும் மழையும் பிடித்துக்கொண்டது. ஓட்டு வீடுகளில் ஓடு பறந்தது. கரண்ட் போனது. அதிலென்ன, ஜெனரேட்டர் இருக்கிறதே என்று பெண்கள் பாலை ஊற்றிக்கொண்டேதான் இருந்தார்கள். அப்போதுதான் ஏரிக்கு அந்தப் பக்கத்திலிருந்து நனைந்துகொண்டு வந்த ஒருத்தர் சொன்னார், அங்கேயும் கரண்ட் இல்லையாம். இரண்டு லைனும் ஒரே சப் ஸ்டேஷனிலிருந்து வருகிறது. சப் ஸ்டேஷனுக்கு வருகிற பெரிய லைனிலேயே கம்பங்கள் சாய்ந்துவிட்டனவாம். கிளை இரண்டானாலும் மரம் ஒன்று என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கோவர்த்தனன் மொபெட்டை எடுத்துக்கொண்டு மழையில் மாமியார் ஊருக்குப் போனார். இருட்டுகிற நேரத்தில் வெறுங்கையோடு திரும்பி வந்தார். துண்டைப் பிழிந்துகொண்டே சொன்னார்:

"மெஷின் ஸ்டார்ட் ஆவல. பேட்டரி செத்துப்போச்சு. மெக்கானிக்குக்குச் சொல்லியனுப்பிக் கீறேன், வந்துடுவான். ஸ்டார்ட் ஆனதும் இழுத்துக்கினு வந்துடலாம். நீங்க போங்க, மழை வலுக்குது."

"பழைய மெஷின வாங்கனா இப்டித்தான்" என்றார் எங்கள் வீட்டுக்காரர், புது மெஷின் வாங்கக் காசு நீட்டியவர் மாதிரி. எல்லோரும் வீட்டுக்குப் போனோம்.

விடிந்ததும் டேங்கர் வந்தது. டிரைவர் டேங்கிலிருந்து கொஞ்சம் பாலை எடுத்துக் காய்ச்சிப் பார்த்தார். திரிந்துவிட்டது. மறுபடி எடுத்தார். மறுபடியும் திரிந்தது. குழாயைச் சுருட்டி வண்டியில் போட்டுக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்: "பக்கத்தூர்ல பால் ஜில்லுனு கீது. ராத்திரி பூரா ஜெனரேட்டர் போட்டிருந்தாங்களாம். நீங்க ஏன் போடல?"

 எல்லோரும் கோவர்த்தனனைத் திரும்பிப் பார்த்தோம். அவர் தரையைப் பார்த்தார்.

மணியம்மாதான் முதலில் கத்தினாள். "பேட்டரி செத்துப்போச்சுன்னியேடா? யாரு செத்தது? மாமியா வூட்டுப் பாலு கெடக்கூடாதுன்னு எங்க பாலக் காவு குடுத்துட்டியா? பொண்டாட்டி ஊருன்னா அவ்ளோ ருசியா?"

"நேத்தே சொல்லியிருந்தா பால வூட்டுக்கு எடுத்துக்கினு போய்க் காய்ச்சித் தயிராவது போட்டிருப்போமே!" என்று இன்னொருத்தி அழுதாள். அவளுக்கு ஒரே மாடு. லோன் இன்னும் தீரவில்லை.

அது நியாயமான கேள்வி. நான் மழுப்பமாட்டேன். மெஷின் வராது என்று சொல்லியிருந்தால் ஆளாளுக்கு ஒரு குடம் பாலையாவது காப்பாற்றியிருப்போம். வந்துடும் என்று சொன்னதால்தான் மொத்தமும் போனது.

கோவர்த்தனன் துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார், அவிழ்த்தார், மறுபடி கட்டினார். எங்கள் வீட்டுக்காரர் கிட்டே போய், "சொல்லுய்யா. துட்டு வாங்கிக்கினியா அவங்ககிட்ட?" என்று கேட்டார்.

அந்தக் கேள்வி சுமித்ராவின் காதில் விழுந்தது. அவள் தன் வீட்டுக் காலைப் பாலைத் தூக்கிக்கொண்டு வந்துகொண்டிருந்தாள். வாளியைக் கீழே வைத்தாள்.

"அவரு வாங்கனாரா? ண்ணா, அவரு வாங்கல. நீங்கதான் வாங்கனீங்க. ஊரே சேந்து எங்க அண்ணங்கிட்ட வாங்கித் துன்னுச்சு."

"ஏய், வாய மூடிக்கினு வூட்டுக்குப் போ" என்றார் கோவர்த்தனன். அன்று காலை அவர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"மூட மாட்டேன். நீ மூடிக்கினு இருந்து கண்டது போதும்."

அவள் சொன்னாள். நாங்கள் கொடுக்காமல் நிறுத்திய பிறகு முதல் சில மாதம் கோவர்த்தனன் கம்பெனி தனக்குக் கொடுக்கும் கமிஷனிலிருந்து எங்கள் ஊர்ப் பங்கைப் போட்டிருக்கிறார். அதற்குமேல் முடியவில்லை. மச்சானிடம், "அடுத்த மாசம் தர்றாங்களாம்" என்று சொல்லியிருக்கிறார். திருவேங்கடம் அதற்குமேல் கேட்கவில்லை. தங்கச்சி புருஷன் தலைகுனியக்கூடாது என்று எங்கள் ஊர்ப் பங்கையும் தானே போட்டு, இரண்டு ஊரும் கட்டியாகிவிட்டது என்று தன் ஊரில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார். பேட்டரி மாற்றியது அவர். டிரம்மில் டீசல் ரொப்பியது அவர்.

நேற்று மழையில் கோவர்த்தனன் போய் நின்றபோது அந்த ஊர்க் கூட்டம் முழுக்கக் கூலர் வாசலில் இருந்ததாம். "உங்க பால் குளுந்ததும் அனுப்புங்க மச்சான், ரெண்டு மணி நேரம் இங்க, ரெண்டு மணி நேரம் அங்க, மாத்தி மாத்தி ஓட்டிக்கலாம்" என்று இவர் கேட்டிருக்கிறார். திருவேங்கடம் சரி என்றுதான் தலையாட்டினாராம். கூட்டத்தில் இருந்த நாகபூஷணம் என்பவர், மெக்கானிக் வாயிலிருந்து விஷயத்தைத் தெரிந்துவைத்திருந்தவர், குறுக்கே வந்து நின்றாராம்.

"எதுக்கு அனுப்பணும்? அந்த ஊரு ஒரு பைசா கட்டுதா? திருவேங்கடந்தானே கட்டிக்கினு கீறான், தங்கச்சி வூட்டுக்குச் சீர் குடுக்கற மாதிரி! மச்சான் துட்டுல ஊருக்கே பால் குளுர வெக்கற மாப்பிளய இன்னிக்கித்தாம்பா பாக்கறேன்."

மாமியார், மைத்துனன் பெண்டாட்டி, பங்காளிகள் எல்லோர் முன்னாலும். திருவேங்கடம், "மாப்ள, நீங்க இதெல்லாம் மனசுல வெச்சிக்காதீங்க. டிராக்டர் எடுத்துக்கினு வாங்க, நான் அனுப்பறேன்" என்று பின்னாலேயே ஓடி வந்திருக்கிறார். கோவர்த்தனன் நிற்கவில்லை. மழையில் மொபெட் ஸ்டார்ட் ஆகவில்லையாம். ஏரிக்கரைவரை தள்ளிக்கொண்டே போனாராம்.

"மச்சான் துட்டுல நம்ம ஊரு ஓடுதுன்னு உங்க மொகத்துக்கு நேரா எப்டி சொல்றதுன்னுதான் பேட்டரின்னு சொல்லிட்டாரு" என்றாள் சுமித்ரா. "பொய்யி. தப்புதான். விடியக்காலைலதான் எங்கிட்ட சொன்னாரு, நானே நல்லாக் கேட்டுட்டேன். ஆனா துட்டு வாங்கனியான்னு நீங்க கேக்காதீங்க, ண்ணா. யாரு வேணா கேக்கட்டும். நீங்க கேக்காதீங்க."

எங்கள் வீட்டுக்காரர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். அந்த இடத்தில் எந்தப் பெண்ணும் அடுத்தவள் முகத்தைப் பார்க்கவில்லை. மணியம்மா, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக, புடவைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். யாரோ ஒருத்தர் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை எடுத்தார். இன்னொருத்தர் சட்டைப் பையைத் தடவினார். எங்கள் வீட்டுக்காரரும் எடுத்தார். அதைவிட அசிங்கம் வேறில்லை. அவரவர் பங்கு நோட்டைப் பிடித்துக்கொண்டு வரிசையாக நின்றோம், திவசத்துக்குக் காக்கைக்குச் சோறு வைத்துவிட்டுக் காத்திருக்கிற மாதிரி.

கோவர்த்தனன் ஒன்றையும் தொடவில்லை. ஷட்டர் சாவியை எங்கள் வீட்டுக்காரர் கையில் வைத்தார். "பாலக் கொட்டிட்டு டேங்க சுடு தண்ணி ஊத்திக் கழுவிடுங்க. வெயில் ஏறினா நாத்தம் புடிச்சுக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கால்வாய் ஓரத்தில் கொட்டிய பாலைத் தெரு நாய்கள்கூட முகர்ந்து பார்த்துவிட்டுப் போயின.

அந்த வாரமே அவர் திருப்பதிக்குப் போய்விட்டார். பின்னாலேயே சுமித்ராவும் பிள்ளைகளும்.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. பாக்கிப் பணம் மொத்தத்தையும் வசூல் பண்ணிக்கொண்டு நாலு பேர் திருவேங்கடம் வீட்டுக்குப் போனார்கள். அவர் வாங்கவில்லை. "தங்கச்சி வூட்டுக்குப் போட்டத திரும்ப வாங்கற வழக்கம் எங்க வூட்ல இல்ல" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. காப்பி கொடுத்து அனுப்பினார். கடனாக இருந்தால் அடைத்துவிட்டுத் தூங்கலாம். சீராகப் போய்விட்டதை எப்படி அடைப்பது? போனவர்கள் அந்தப் பணத்தை அப்படியே மடியில் கட்டிக்கொண்டு திரும்பி வந்தார்கள். 

இப்போது பாலுக்குக் காசு போடும்போதே ஜெனரேட்டர் பங்கைப் பிடித்துக்கொண்டுதான் கொடுக்கிறார்கள். மெஷின் ஓடினாலும் சரி, நின்றாலும் சரி. இரண்டு ஊரிலும் ஒன்றாகக் கரண்ட் போனால் மாற்றி மாற்றி ஓட்டுவது என்று பெரியவர்களை வைத்துப் பேசி முடித்தாயிற்று. மணியம்மாதான் முதல் ஆளாகச் சரி என்றாள். டேங்கை இப்போது ஒரு பையன் பார்த்துக்கொள்கிறான், செல்போனைப் பார்த்துக்கொண்டே.

கோவர்த்தனன் திருப்பதியில் ஒரு லாட்ஜில் ஜெனரேட்டர் பார்த்துக்கொள்கிறார். போன வருஷம் எங்கள் வீட்டுக்காரரும் மணியம்மாவும் அவரைக் கூட்டிவரப் போனார்கள். லாட்ஜின் பின்பக்கம், மாடிப்படிக்குக் கீழே ஒரு சின்ன ரூம். இவர்களைப் பார்த்ததும் எழுந்து நின்றாராம். ஸ்டூலை இழுத்துப் போட்டாராம். "நல்லா கீறீங்களா அத்தே?" என்று கேட்டாராம்.

"எங்கடா நல்லா கீறது? நான் உன்ன அன்னிக்கு..." என்று மணியம்மா வாயைத் திறந்ததும், அவர் சட்டென்று திரும்பி ஜெனரேட்டரைப் போட்டுவிட்டார். கரண்ட் இருக்கும்போதே! ரூம் முழுக்கச் சத்தம். மணியம்மா பேசுகிறாள், எங்கள் வீட்டுக்காரர் கையெடுத்துக் கும்பிடுகிறார், ஒன்றும் கேட்கவில்லை. அவர் மெஷின் பக்கம் குனிந்து எதையோ துடைத்துக்கொண்டே இருந்தாராம்.

முன்பக்கத்திலிருந்து மேனேஜர் ஓடி வந்து, கரண்ட் இருக்கும்போது எதற்குப் போட்டாய் என்று தெலுங்கில் கத்தியிருக்கிறார்: "ஏமப்பா, கரெண்ட் உந்தி கதா! எந்துக்கு ஜெனரேட்டர் வேசினாவ்?"

கோவர்த்தனன் அவரிடம் சும்மா டெஸ்டிங் என்று கையால் ஜாடை காட்டினாராம். மணியம்மா அந்தச் சத்தத்திலேயே கொஞ்ச நேரம் நின்று அழுதுவிட்டு வெளியே வந்துவிட்டாள். கொண்டுபோன வேர்க்கடலை மூட்டையை வாசலில் வைத்துவிட்டு பஸ் ஏறினார்கள்.

சுமித்ரா பொங்கலுக்குப் பிள்ளைகளோடு வந்தாள். கேட்டேன். "நீங்க செஞ்சத அவரு மறந்துட்டாரு க்கா. அன்னிக்குச் சொன்ன பொய்யத்தான் மறக்க முடியல. அந்த ஒத்த மாட்டுக்காரி அழுதாளே, அத சொல்லிச் சொல்லி ஒக்காந்துக்கினு கீறாரு. உங்க மூஞ்சியப் பாத்தா அந்தப் பால் வாசன வருதாம்" என்றாள்.  எங்களுக்கு அவர் முகத்தைப் பார்க்க வெட்கம். அவருக்கு எங்கள் முகத்தைப் பார்க்க வெட்கம். நடுவில் அந்த மனுஷன் பிறந்த ஊர் இல்லாமல் அங்கே உட்கார்ந்திருக்கிறார்.

அதனால்தான் இதை எழுதுகிறேன். நாங்கள் போனால் பேசமாட்டார். நீங்கள் போகலாம். மலைக்குப் போகிறவர்கள் எப்படியும் திருப்பதியில் இறங்கத்தானே வேண்டும்? பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் பச்சைக் கேட் போட்ட லாட்ஜ். கோவர்த்தனன் என்று கேட்டால் பின்பக்கம் கையைக் காட்டுவார்கள். புது ஆட்கள் என்றால் உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுப்பார், நன்றாகப் பேசுவார் என்று சுமித்ரா சொன்னாள். தமிழ் பேசுகிற ஆள் வந்தால் அவருக்கு ஒரு சந்தோஷமாம். எங்கள் ஊர்ப் பேரை எடுக்காதீர்கள். பால் பேச்சும் வேண்டாம். மத்தியானம் போகாதீர்கள், சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்திருப்பார். வெயில் தாழ்ந்த பிறகு போய், பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வாருங்கள்.